பாட்டில் ‘அந்த இடம்’

கெடா மாநிலத்துத் தோட்டப்புறங்களிலே பழைய திரைப்பாடல்களைப் பற்றிப் பேச்செழும்போது, பெரியவர் ஒருவர் கையைச் சற்றே உயர்த்தி, “இரு, அந்த எடம் வரட்டும்” என்று மற்றவர்களை அடக்குவதைக் காணலாம். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். அவர் குறித்த இடம் வந்ததும் உயர்த்திய கை தாழும். தலை ஒருமுறை அசையும். அதன்பின் பாட்டு முடிகின்றவரை அவர் கேட்கின்றாரோ இல்லையோ, அதைப் பற்றி அவருக்கே கவலையில்லை. பீடோங்கிலும் லூனாசிலும் பாடாங் செராயிலும் இவ்வழக்கம் உண்டு. தமிழர் வாழும் பிற இடங்களிலும் உண்டு.

இங்கே ‘இடம்’ என்னும் சொல்லைப் பொதுமக்கள் ஆளும் திறம் கருதத்தக்கது. இசைவல்லார் சங்கதி, பிருகா, கமகம் எனப் பெயரிட்டு வழங்குவன எல்லாம் பாடுவோர் செய்யும் நுணுக்கங்கள். மக்கள் சொல்லும் ‘இடம்’ அவற்றுள் ஒன்றாகவும் இருக்கலாம். அவற்றுள் எதிலும் அடங்காத ஒரு முனகலாகவோ, ஒரு கருவியின் ஒற்றை ஒலியாகவோ, ஒன்றுமே ஒலிக்காத ஒரு நொடியாகவோ இருக்கலாம். கேட்போன் எங்கே பிடிபடுகின்றானோ அதுவே இடம். ஆகவே இது பாடுவோர் பக்கத்திலிருந்து பிறந்த சொல்லன்று. கேட்போர் பக்கத்திலிருந்து பிறந்த சொல்.

இத்தகைய இடங்கள் தாமாக அமைந்துவிடுவதில்லை. அவற்றை உண்டாக்கிய காரணங்களுள் முதலிற் கூறத்தக்கது ஒலிவாங்கி. மேடை நாடகக் காலத்தில் கிட்டப்பா போன்றோர் ஒலிவாங்கியின் துணையின்றி, கொட்டகையின் கடைசி வரிசைக்கும் எட்டுமாறு பாடவேண்டியிருந்தது. எனவே மிக உயர்ந்த சுருதியிற் பாடினர். மக்கள் காத்திருந்த இடமும் குரல் உச்சியைத் தொடும் இடமாகவே இருந்தது. தியாகராச பாகவதர் திரையிற் பாடியபோதும் அந்த மரபின் சாயல் நீங்கவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடகரின் வாய்க்கருகே ஒலிவாங்கி வந்த பிறகு, உரக்கப் பாடவேண்டிய கட்டாயம் போயிற்று. ஏ. எம். ராஜாவும் பி. பி. ஸ்ரீநிவாஸும் அருகிலிருந்து பேசுவது போலப் பாட முடிந்தது அதனாலேயாம். அதற்கு முன் உயரத்தில் இருந்த ‘இடம்’ அதற்குப் பின் நெருக்கத்திலும் அமையத் தொடங்கிற்று.

இதற்கு ‘ஆலயமணி’ (1962) நல்ல சான்று. அப்படத்திற் சௌந்தரராஜன் பாடும் காதற்பாட்டு ஒன்றில், எல். ஆர். ஈஸ்வரிக்குப் பாடுவதற்குச் சொல் ஒன்றுகூட இல்லை. விசுவநாதன் – ராமமூர்த்தி இரட்டையர் அவருக்கு அளித்தது வெறும் முனகலிசை. ஆண்குரல் சொல்லடுக்கி வியந்துகொண்டே செல்ல, பெண்குரல் சொல்லின்றி இடையிடையே வந்து படிகின்றது. கண்ணதாசன் எழுதிய சொற்கள் நல்ல சொற்களே. ஆயினும் அப்பாட்டை நினைப்பவர் பலருக்கு முதலில் நினைவில் எழுவது அச்சொல்லற்ற குரலே. தமிழாசிரியர்க்கு இது சற்றே பொறாமை தரக்கூடிய செய்திதான்.

இரண்டாவது காரணம் இசைத்தட்டு. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடங்களுக்கே இடங்கொடுக்கும். கச்சேரியில் அரைமணி நேரம் விரிந்து செல்லும் இராகத்தின் சுவையை, மூன்று நிமிடங்களுக்குள் ஏதேனும் ஓர் இடத்தில் திரட்டி வைக்கவேண்டிய நெருக்கடி இசையமைப்பாளருக்கு ஏற்பட்டது. குறுகிய பாத்திரத்தில் பாகு இறுகுவது போல இசை இறுகிற்று. நீண்ட பாட்டாயின் தட்டின் மறுபக்கத்திற்குச் செல்லும். தட்டைத் திருப்பி வைக்கும்வரை கேட்போர் காத்திருப்பர்.

மூன்றாவது, தோட்டப்புறத்துக்கே உரியது. திருமணத்திலும் மாரியம்மன் திருவிழாவிலும் மரத்திலோ கம்பத்திலோ கட்டப்பட்ட ஒலிபெருக்கிக் குழாய்கள் வழியாகவே அங்கே பாட்டுப் பரவிற்று. இக்குழாய்கள் நடுத்தர ஒலிகளையும் உயர்ந்த ஒலிகளையும் நெடுந்தொலைவு கொண்டு செல்லும். தாழ்ந்த ஒலிகளைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். பால்மரக் காட்டின் மறுகோடியில் இருப்பவருக்குத் தபேலாவின் இடந்தலை ஒலி கேளாது. பாடகரின் நெடிலுயிர்கள் கேட்கும். நாகசுரமும் புல்லாங்குழலும் கேட்கும். கெடாத் தோட்டங்களில் வளர்ந்த முதிய தலைமுறையினர் சொல்லும் ‘இடங்கள்’ பெரும்பாலும் குரலின் இடங்களாகவும் நாகசுரத்தின் இடங்களாகவும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனக் கருதலாம். திடலில் வெள்ளைத் திரை கட்டி ஒற்றைப் படக்கருவியைக் கொண்டு படம் காட்டியபோது, சுருள் மாற்றுவதற்காகக் காட்சி நிற்கும். அந்த இருளிலே பிள்ளைகள் பாட்டின் விட்ட இடத்தைத் தாமே பாடி முடிப்பதும் உண்டு.

நாகசுரம் என்றதும் ‘கொஞ்சும் சலங்கை’ (1962) நினைவுக்கு வராமற் போகாது. சுப்பையா நாயுடுவின் இசையில், ஆபேரி இராகத்தில், எஸ். ஜானகியின் குரலும் காருக்குறிச்சி அருணாசலத்தின் நாகசுரமும் இணைந்த பாட்டு அது. நாகசுரம் திறந்த வெளிக்குரிய கருவி; அதன் பக்கத்தில் நின்று ஒரு பெண் பாடினால் குரல் கேட்பதே அரிது. ஒலிப்பதிவுக் கருவி இரண்டையும் ஒரே தட்டில் சரிநிறையாக நிறுத்திற்று. முதலில் குரல் ஒன்று சொல்ல நாகசுரம் அதனையே சொல்கின்றது. பின்னர்ச் சுரங்கள் மாறி மாறி வருகின்றன. வரவர இடைவெளி குறுகுகின்றது. எது குரல், எது கருவி எனப் பிரித்தறியச் செவி ஒரு கணம் தடுமாறுகின்றதே, அதுதான் இடம். சிலப்பதிகார அரங்கேற்று காதையில், குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், அதன் பின்னே முழவும் ஒன்றையொன்று அடியொற்றி நின்ற முறையை இளங்கோவடிகள் கூறுவர். அக்காதையை வகுப்பில் நடத்தும்போது, ‘அடியொற்றி நிற்றல்’ என்றால் என்ன என்பதனை உரையால் விளக்குவதினும் இப்பாட்டின் இறுதிப் பகுதியைக் கேட்கச் செய்வது எளிது.

‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் நாகசுரம் வேறொரு தொழில் செய்கின்றது. கொத்தமங்கலம் சுப்புவின் கதையைத் தழுவிய அப்படத்தில், காயமுற்றிருக்கும் நாகசுரக் கலைஞனை ஆடரங்கில் நிற்கும் மோகனா பாட்டினாலேயே நலம் உசாவுகின்றாள். சுசீலா பாடுகின்றார், மதுரை சேதுராமன் – பொன்னுசாமி உடன்பிறந்தாரின் நாகசுரம் மறுமொழி கூறுகின்றது. அவையோர்க்கு அது ஓர் ஆடற்பாட்டு. ஒருவனுக்கு மட்டும் அது கடிதம். வாய் திறந்து விடை கூற முடியாத அவன், கருவியினால் விடை கூறும் இடத்திலேதான் அரங்குகளிற் கண்கள் கலங்கின. கானல்வரியில் இதற்கு நேர்மாறானதைக் காண்கின்றோம். அங்கும் யாழ் உண்டு, பாட்டு உண்டு, பாட்டிற்குள் மறைபொருள் உண்டு. ஆனால் கோவலன் பாடியதை மாதவி ஒருவாறு கொண்டாள், மாதவி பாடியதைக் கோவலன் வேறொருவாறு கொண்டான், பிரிவு நேர்ந்தது. ஒரே உத்தி ஒரு கதையிற் சேர்க்கின்றது, மற்றொன்றிற் பிரிக்கின்றது. மாணவரிடம் இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் காட்டுவதில் இலக்கியத்திற்கு இழுக்கு ஒன்றும் வந்துவிடாது.

இனி, சொல்லும் இசையும் ஒரே புள்ளியிற் சந்திக்கும் இடங்கள். தமிழாசிரியர் தனியுரிமை கொண்டாடத்தக்கவை இவையே. ‘திருவிளையாடல்’ (1965) படத்தில், பாண்டியன் அவைக்கு வரும் ஏமநாத பாகவதர் தம் புலமையைப் பறைசாற்றிப் பாடும் பாட்டைப் பாலமுரளிகிருஷ்ணா பாடினார், இசை கே. வி. மகாதேவன், பாட்டு கண்ணதாசன். அதிற் சில இராகங்களின் பெயர்கள் பாட்டின் பொருளோடு கலந்து வருகின்றன. எந்தப் பெயர் வருகின்றதோ அந்த இராகத்திற்கு மெட்டும் அங்கேயே மாறுகின்றது. தர்பார் என்பது அரசவையையும் குறிக்கும், இராகத்தையும் குறிக்கும். மோகனம் என்பது மயக்கும் அழகு, இராகமும் ஆம். கானடா என்பதைக் கானம், அடா எனப் பிரித்தால் செருக்குடையான் ஒருவனின் விளி. பிரியாமல் நின்றால் இராகம். இவையெல்லாம் சிலேடையின் பாற்படும். ஆயினும் இவற்றுள் மிக நுட்பமானது தோடிதான். ‘எழுந்து’ என்னும் மென்றொடர்க் குற்றியலுகரச் சொல், ‘ஓடி’ என்னும் உயிர்முதற் சொல்லோடு புணர்கின்றது. உகரம் கெட, தகர மெய்யின்மேல் ஓகாரம் ஏறி ‘எழுந்தோடி’ என்றாகின்றது. அப்புணர்ச்சியின் வயிற்றிலே ‘தோடி’ பிறந்துவிடுகின்றது! சொல்லாக எழுதப்படாத ஓர் இராகத்தைப் புணர்ச்சி விதி பெற்றெடுக்க, பாடகர் அதே கணத்தில் தோடியைத் தொடுகின்றார். குற்றியலுகரப் புணர்ச்சிக்கு ஆண்டாண்டாக ஒரே எடுத்துக்காட்டுகளைக் கரும்பலகையில் எழுதிவரும் வகுப்பறைகளுக்கு இதைவிடச் சுவையான எடுத்துக்காட்டு எளிதிற் கிடைக்காது.

அதே படத்தில், விறகு விற்பவனாக வந்த இறைவன் பாடுவதாக அமைந்த பாட்டு கௌரிமனோகரி இராகத்திலானது, பாடியவர் சௌந்தரராஜன். பாட்டு நிற்கின்றது, உடனே அலையும் காற்றும் பறவையும் நிற்கின்றன. இசைப்படத்தின் நடுவே இசையமைப்பாளர் துணிந்து வைத்த மௌனம் அது. பலர் அப்பாட்டிற் போற்றும் இடம் ஒலியில்லாத அந்த இடமே. (தோற்றுப்போன பாகவதரின் பாட்டும் வென்றவரின் பாட்டும் இன்றுவரை சரிநிகராகக் கேட்கப்படுவதை அந்தப் பாண்டியன் அறிந்தால் என்ன தீர்ப்புக் கூறுவானோ!)

சொல்லும் இல்லாமல், சுரமும் இல்லாமல், ஓர் ஓசை மட்டுமே இடமாக நிற்பதும் உண்டு. ‘சிவந்த மண்’ (1969) படத்தில் எம். எஸ். விசுவநாதன் இசையில் ஈஸ்வரி பாடிய ஆடற்பாட்டிலே சாட்டையின் வீச்சொலி வருகின்றது. அடி விழுந்ததும் குரல் ஒரு துடி துடித்து மீண்டும் பாட்டிற்குள் புகுகின்றது. இன்பப் பாட்டின் நடுவே நோவின் ஒலி. முன்னே முனகிய குரலும் இங்கே துடிக்கும் குரலும் ஒருவருடையனவே. தோட்டத்து மாரியம்மன் கோவில்களில் ஆண்டுதோறும் ஒலிக்கும் அம்மன் பாடல்களைப் பாடியவரும் அவரே என்பதை எண்ணினால், ஒரு குரலுக்குள் எத்தனை குரல்கள் என்னும் வியப்பே மிஞ்சும்.

மேனாட்டிலும் இவ்வழக்கம் உண்டு. பில் காலின்ஸ் 1981இல் வெளியிட்ட ‘இன் தி ஏர் டுநைட்’ என்னும் பாட்டில் ஏறத்தாழ மூன்றரை நிமிடங்களுக்கு மேல் இசை அடங்கியே செல்கின்றது. பிறகு திடீரென முரசங்கள் அதிர்ந்து விழுகின்றன. கேட்போர் அந்த நொடிக்காகவே காத்திருந்து, காற்றிலே கைகளால் முரசறைவர். ‘பீட்டில்ஸ்’ குழுவினர் 1967இல் ஒரு பாட்டின் நடுவிலும் முடிவிலும் நாற்பது கலைஞர் கொண்ட இசைக்குழுவைத் தாழ்ந்த சுரத்திலிருந்து உயர்ந்த சுரம்வரை கட்டுப்பாடின்றி ஏறிச்செல்லச் செய்தனர். இறுதியில் பல பியானோக்களை ஒரே சமயம் தட்டி, அவ்வொலி நாற்பது நொடிகளுக்கு மேல் தேய்ந்து அடங்குமாறு விட்டனர்.

இவற்றை ஆராய்ந்தவர்களும் உளர். லியோனார்டு மேயர் என்னும் அறிஞர் 1956இல் எழுதிய நூலில், இசை உள்ளத்தை அசைப்பது எதிர்பார்ப்பினாலே என்றார். அடுத்து இன்னது வரும் என்று செவி எதிர்நோக்க, அது தாமதித்தாலோ தடைப்பட்டாலோ உணர்ச்சி எழுகின்றது என்பது அவர் கொள்கை. ஜான் ஸ்லோபோடா என்னும் உளவியலார் 1991இல், இசை கேட்டுக் கண்ணீர் வடித்தவர்களையும் மெய்சிலிர்த்தவர்களையும் அணுகி, பாட்டில் எந்த இடத்தில் அது நேர்ந்தது எனக் குறித்துக் காட்டுமாறு கேட்டார். வரவேண்டிய சுரத்திற்கு அடுத்த சுரத்திற் குரல் ஒரு கணம் சாய்ந்து, பிறகு உரிய சுரத்தில் வந்து அமரும் இடங்களிற் கண்ணீர் மிகுதியும் வந்தது. திடீர் மாற்றம் நிகழும் இடங்களிற் சிலிர்ப்பு மிகுந்தது. 2011இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தனர். விரும்பிய இடம் வருமுன் காத்திருக்கும் பொழுதில் மூளையின் ஒரு பகுதியிலும், இடம் வந்தபின் மற்றொரு பகுதியிலும் டோபமைன் என்னும் இன்ப வேதிப்பொருள் சுரந்தது. “இரு, அந்த எடம் வரட்டும்” என்று கையுயர்த்தும் பெரியவர், வருமுன்பே இன்பம் நுகரத் தொடங்கிவிடுகின்றார் என்பது இதனால் விளங்கும்.

இங்கேதான் இக்காலத்துக்குரிய ஒரு சிக்கல் எழுகின்றது. வானொலியில் நேயர் விருப்பமாக ஒரு பாட்டு ஒலிபரப்பானால் அதனை முன்னே தள்ளவும் இயலாது, பின்னே இழுக்கவும் இயலாது. காத்திருத்தல் தானே அமைந்தது. 1950களின் பிற்பகுதி தொடங்கிப் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பால்மரம் நின்ற நிலங்கள் பலவற்றிற் செம்பனை வந்தது. தோட்டத்து மக்கள் பலர் சுங்கைப் பட்டாணி, கூலிம் போன்ற நகரங்களின் தாமான்களிற் குடியேறினர். அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று பாட்டைக் கைப்பேசியிற் கேட்கின்றனர். பாட்டு முழுவதும் வருவதில்லை. அந்த இடம் மட்டும் பதினைந்து நொடித் துணுக்காக வெட்டப்பட்டு வருகின்றது. விரல் தள்ளினால் அடுத்த துணுக்கு. பிள்ளைகளுக்கு இடங்கள் தெரிந்திருக்கின்றன, பாட்டுத் தெரிவதில்லை. மலைக்குச் செல்லாமல் உச்சியை மட்டும் பெயர்த்து வீட்டிற்குக் கொண்டுவந்தது போன்றது இது. ஏறி வந்த களைப்பு இல்லாதவனுக்கு உச்சியும் மேடைதான். பாகவதரின் தோடியைத் தனியே வெட்டி எடுத்தால் அஃது இனிய ஒலியாக மட்டுமே எஞ்சும். முன்னே நின்ற செருக்கும், சொற்புணர்ச்சியும், அடுத்து வரும் தர்பாரும் இல்லாதபோது சிலேடை எங்கே நிற்கும்?

இதனைக் கண்டு, திரைப்பாட்டே வகுப்பறைக்குள் நுழையலாகாது எனத் தடுப்பாரும் உளர். அக்கருத்து ஏற்றுக்கொள்ளத்தக்கதன்று. பிள்ளை ஏற்கெனவே நிற்கின்ற இடம் அது. அங்கிருந்து அவனை நடத்திச் செல்வதே எளிது. திரையிசையே அதற்கு வழிகாட்டியிருக்கின்றது. ‘சிந்து பைரவி’ (1985) படத்தில், மக்களுக்குப் புரியும் மொழியிற் பாடக்கூடாதா என்னும் வழக்கின் நடுவே ஒரு நாட்டுப்பாட்டு எழுகின்றது. சித்ரா பாடிய அப்பாட்டு சிறிது சிறிதாக வளர்ந்து, தியாகராசரின் கீர்த்தனை ஒன்றினுள் சென்று கலக்கின்றது. காம்போதியிற் பாடப்பட்டுவந்த அக்கீர்த்தனையை இளையராஜா சாரமதியில் அமைத்தார். நாட்டுப்பாட்டிலிருந்து கீர்த்தனைக்குச் செல்லும் வாயில் எங்கே திறந்தது என்று தெரியாதவாறு செவி உள்ளே சென்றுவிடுகின்றது. சித்ராவுக்கு நாட்டின் தேசிய விருது இப்பாட்டினாற் கிடைத்தது.

இதனினும் தமிழாசிரியர்க்கு நெருக்கமானது ‘தளபதி’ (1991) படத்து ஆட்டப்பாட்டு. 2002இல் பி.பி.சி. உலக வானொலி நடத்திய வாக்கெடுப்பில், உலகின் விருப்பப் பாடல்கள் பத்தனுள் நான்காம் இடம் பெற்றது அது. எஸ். பி. பாலசுப்பிரமணியமும் சுவர்ணலதாவும் பாடும் அந்தத் துள்ளலின் நடுவே, ஆரவாரம் அடங்கி, அப்பர் பெருமான் தில்லைக் கூத்தனைப் பாடிய திருவிருத்தம் ஒன்று பெண்குரல்களில் எழுகின்றது. பிறகு மீண்டும் துள்ளல். பிள்ளைகள் அந்த இடத்தில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு உடன் பாடுவதைத் தீபாவளி விருந்துகளிலும் பள்ளிக் கலைவிழாக்களிலும் காணலாம். தாம் பாடுவது நான்காம் திருமுறை என்பதனை அவர்களிற் பலர் அறியார். எனினும் ஓர் எழுத்தும் பிசகாமற் பாடுவர்.

பிசகாமைக்குக் காரணம் இசை மட்டுமன்று, யாப்பும் ஆகும். திருவிருத்தம் என்பது கட்டளைக் கலித்துறை. ஒற்று நீக்கி எழுத்தெண்ணிப் பாடப்படுவது; நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17. ஓரெழுத்துக் குறைந்தாலும் நா தடுக்கும். ஆசிரியர் செய்யவேண்டியது பெரிதொன்றுமில்லை. பிள்ளைகளைப் பாடச்சொல்லி, பாடும்போதே முதலடியின் எழுத்துகளை விரல்விட்டு எண்ணச் செய்தால், 17 என்று அவர்களே கூறுவர். இசையமைப்பாளர் எடுத்துக்கொண்டது அப்பதிகத்தில் ஒரு பாடலை மட்டுமே. மற்றப் பாடல்களும் அதே யாப்பில் அமைந்தவை. பிள்ளைகள் அறிந்த அந்த மெட்டிலேயே அவற்றையும் பாடிப் பார்க்கலாம்.